டேர், டீ, டஸ்: ஜெர்மன் பெயர்ச்சொல்லின் பாலைப் பிடிப்பது எப்படி

ஜெர்மன் படிக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் வரும் சந்தேகம் இது: மேசை ஏன் ஆண்பால், விளக்கு ஏன் பெண்பால், புத்தகம் ஏன் இரண்டிலும் சேராமல் நிற்கிறது? புதுச்சேரியிலும் கடலூரிலும் நர்ஸிங் முடித்து ஜெர்மனி போகத் தயாராகிறவர்கள், இஞ்சினியரிங் முடித்து அங்கே மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்கள் என்று என்னிடம் படிக்க வருகிற எல்லாரும் இந்த இடத்தில்தான் முதலில் முட்டி நிற்கிறார்கள். காரணம் புரியாமல் மனப்பாடம் செய்ய மனசு ஒப்பாது. அதனால் இது என்ன சங்கதி என்று முதலில் தெளிவாகப் பார்த்துவிடுவோம். எப்படி நினைவில் வைப்பது என்பது அப்புறம்.

ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு சின்னச் சொல் வரும். ஆங்கிலத்துக்கு ஒரே ஒரு ‘தி’ போதும். ஜெர்மனுக்கு மூன்று வேண்டும்: டேர், டீ, டஸ். டேர் ஆண்பால், டீ பெண்பால், டஸ் இரண்டும் அல்லாதது என்று பாடநூலில் போட்டிருக்கும். டேர் டிஷ் என்றால் மேசை. டீ லம்பெ என்றால் விளக்கு. டஸ் பூஹ் என்றால் புத்தகம். ஜெர்மன் ஒலியைத் தமிழ் எழுத்தில் முழுசாகக் கொண்டுவர முடியாது. சொல்லைப் பார்த்த கையோடு அதன் ஒலிப்பதிவையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். சொல்லின் கடைசியில் ‘எ’ என்று நான் எழுதும் இடத்தில் மெல்லிய ஒலிதான் வரும். அந்த மெல்லிய ‘எ’யை மட்டும் கவனித்து வையுங்கள், பின்னால் நிறைய உதவும்.

நம்மைக் குழப்புவது ‘பால்’ என்ற பெயர்தான். தமிழில் பால் என்பது பொருளைப் பார்த்துச் சொல்வது. ஆண் என்றால் வந்தான், பெண் என்றால் வந்தாள், மற்றதெல்லாம் வந்தது. உயர்திணை எது, அஃறிணை எது என்று தெரிந்தால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. கண்ணால் பார்த்தே பாலைச் சொல்லிவிடலாம். ஜெர்மனில் பால் பொருளுக்கு உரியதல்ல, சொல்லுக்கு உரியது. சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் மூன்று சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள். கரண்டி டேர் லொஃபெல். முள்கரண்டி டீ காபெல். கத்தி டஸ் மெஸ்ஸர். மூன்றும் ஒரே உலோகம், ஒரே வேலை. கரண்டியில் ஆண்மையும் இல்லை, முள்கரண்டியில் பெண்மையும் இல்லை. ஜெர்மன்காரர்கள் யாரும் அப்படி நினைப்பதும் இல்லை.

மனிதர்களைக் குறிக்கும் சொற்களிலும் இது நடக்கும். டேர் மென்ஷ் என்றால் மனிதப் பிறவி. உங்கள் அம்மாவும் டேர் மென்ஷ்தான். டீ பெர்ஸோன் என்றால் ஆள், நபர். உங்கள் அப்பாவும் டீ பெர்ஸோன்தான். டஸ் மிட்க்லீட் என்றால் உறுப்பினர்; சங்கத்தில் யார் சேர்ந்தாலும் டஸ். திறமையுள்ள பணியாளரை டீ ஃபஹ்க்ராஃப்ட் என்பார்கள். அந்த வேலையில் இருப்பவர் ஆணா பெண்ணா என்பதற்கும் அந்த ‘டீ’க்கும் சம்பந்தமே கிடையாது.

இது நம் பக்கத்தில் யாரும் கேள்விப்படாத விஷயம் இல்லை. சமஸ்கிருதத்தில் மனைவியைக் குறிக்க மூன்று சொற்கள் உண்டு: பார்யா பெண்பால், தார என்பது ஆண்பால், அதுவும் பன்மையில் வரும், களத்திரம் நபும்சகம். ஒரே மனைவி, மூன்று பால். ஜாதகத்தில் களத்திர ஸ்தானம் என்று சொல்லும்போதும், பத்திரத்தில் முதல் தாரம், இரண்டாம் தாரம் என்று எழுதும்போதும் இந்தச் சொற்களைத்தான் நாம் பயன்படுத்துகிறோம், பாலைக் கழற்றி வைத்துவிட்டு. சமஸ்கிருதமும் ஜெர்மனும் ஒரே பெரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மூன்று பால் என்பது அந்தக் குடும்பத்தின் பழைய சொத்து. ஜெர்மன் அதை இன்றுவரை வைத்திருக்கிறது, ஆங்கிலம் எப்போதோ விட்டுவிட்டது, பிரெஞ்சு இரண்டாகக் குறைத்துக்கொண்டது.

இன்னும் அருகில் ஓர் உதாரணம் இருக்கிறது. ‘குழந்தை அழுகிறது’ என்றுதான் நாம் சொல்கிறோம். வீட்டில் உள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று நன்றாகத் தெரியும், இருந்தாலும் சொல் ‘அது’வோடுதான் ஒட்டும். ஜெர்மனிலும் குழந்தை டஸ் கிண்ட்தான். இது மட்டும் தமிழ் மாணவர்களுக்கு உடனே பிடிபடும். சிறுமியை டஸ் மேட்ஷென் என்று சொல்வதைக் கேட்டுப் பலர் அதிர்ந்துபோகிறார்கள். அதற்குக் காரணம் சொல்லின் வாலில் இருக்கிறது. ‘ஷென்’ என்பது எதையும் சின்னதாக்கிச் செல்லமாகச் சொல்லும் விகுதி. அந்த விகுதி ஒட்டிய சொல் எதுவானாலும் டஸ் ஆகிவிடும். ரொட்டி டஸ் ப்ரோட், சின்ன ரொட்டி டஸ் ப்ரோட்ஷென். பூனை டீ கட்ஸெ, பூனைக்குட்டி டஸ் கெட்ஸ்ஷென். இதே வேலையைச் செய்யும் ‘லைன்’ விகுதியும் அப்படித்தான்.

ஆக, நான் முதல் நாளே சொல்லிவிடுவது: டேர், டீ, டஸ் என்பவற்றைச் சொல்லின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். பழத்துக்கு ழ ஏன், பள்ளத்துக்கு ள ஏன் என்று யாரும் கேட்டுவிட்டுப் படிக்கவில்லை. பழம் என்ற சொல்லைப் படிக்கும்போதே ழவும் சேர்ந்து வந்தது. அதேபோல ‘மேசை என்றால் டிஷ்’ என்று நோட்டில் எழுதாதீர்கள். ‘டேர் டிஷ்’ என்று எழுதுங்கள், ‘டேர் டிஷ்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். டிஷ் என்ற சொல்லை மட்டும் தனியாகப் படித்துவிட்டு, பாலை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், இருநூறு முந்நூறு சொற்கள் சேர்ந்த பிறகு எல்லாவற்றையும் திரும்பப் படிக்க வேண்டிவரும். அந்த இரட்டை வேலையில்தான் பலர் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அவர்களுக்கு மொழி வரும். படித்த முறைதான் கோளாறு.

பல பாடநூல்களில் டேர் சொற்களை நீலத்திலும், டீ சொற்களைச் சிவப்பிலும், டஸ் சொற்களைப் பச்சையிலும் அச்சடித்திருப்பார்கள். உங்கள் நோட்டிலும் அதையே பின்பற்றலாம். மூன்று பேனா போதும். எழுதிய நிறம் கண்ணில் தங்கிவிடும்.

இத்தனை சிரமம் எதற்கு, தப்பாகச் சொன்னால் ஜெர்மன்காரர்களுக்குப் புரியாதா என்று கேட்பார்கள். ஒரு சொல்லில் தப்பு வந்தால் நிச்சயம் புரியும். ஆனால் ஜெர்மனில் பால் அந்தச் சின்னச் சொல்லோடு நிற்பதில்லை. முதலில் சுட்டுப்பெயரைப் பாருங்கள். அவன், அவள், அது என்பதற்கு ஜெர்மனில் ஏர், ஸீ, எஸ். டேர் என்றால் ஏர், டீ என்றால் ஸீ, டஸ் என்றால் எஸ். ஒலியே ஒன்றையொன்று நினைவுபடுத்தும். தமிழில் உயிரற்ற எல்லாமே ‘அது’ என்பதால் நம் வாயில் எல்லாவற்றுக்கும் ‘எஸ்’ என்றே வரும். சாவி டேர் ஷ்லுஸ்ஸெல். ‘வோ இஸ்ட் டேர் ஷ்லுஸ்ஸெல்?’ சாவி எங்கே? ‘ஏர் இஸ்ட் ஹீர்.’ இங்கே இருக்கிறது. இந்த இடத்தில் ‘எஸ் இஸ்ட் ஹீர்’ என்றால் வேறு எதையோ சொல்கிறீர்கள் என்று ஆகிவிடும். ஆஸ்பத்திரியில் டீ டப்லெட்டெ, டேர் ஃபெர்பண்ட், டஸ் பிளாஸ்டர் மூன்றும் ஒரே தட்டில் இருக்கும். மாத்திரை, கட்டுத்துணி, பிளாஸ்திரி. ஸீ, ஏர், எஸ் என்று மூத்த நர்ஸ் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனால், எதை எடுக்கச் சொல்கிறார் என்பது பாலை வைத்துத்தான் தெரியும்.

அதைவிடப் பெரிய காரணம் வேற்றுமை. தமிழ் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தருவது எனக்கு மிகவும் பிடித்த பாடம். நாய் மனிதனைக் கடித்தது. மனிதனை நாய் கடித்தது. இரண்டும் ஒன்றுதான், கடித்தது நாய், கடிபட்டது மனிதன். சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் ‘ஐ’ என்ற உருபு யார் கடிபட்டார் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் இப்படி மாற்றினால் மனிதன் நாயைக் கடித்ததாகிவிடும். ஜெர்மனில் மாற்றலாம். ‘டேர் ஹுண்ட் பைஸ்ட் டேன் மன்.’ ‘டேன் மன் பைஸ்ட் டேர் ஹுண்ட்.’ இரண்டிலும் கடித்தது நாய்தான். காரணம், டேர் என்பது டேன் ஆகியிருக்கிறது. நாம் ‘ஐ’யைச் சொல்லின் வாலில் ஒட்டுகிறோம். அவர்கள் அதைச் சொல்லின் தலையில், டேர் டீ டஸ்ஸில் காட்டுகிறார்கள். பெயர்ச்சொல் பெரும்பாலும் அசையாமல் நிற்கும், முன்னால் உள்ள சின்னச் சொல்தான் உருமாறும். அந்தச் சொல் என்ன உரு எடுக்கும் என்பது பால் தெரிந்தால்தான் தெரியும். பால் தெரியவில்லை என்றால் வேற்றுமை உருபே உங்கள் கையில் இல்லை என்று அர்த்தம்.

‘ஐ’ வேற்றுமையில் நல்ல செய்தி: டேர் மட்டும் டேன் ஆகும், டீயும் டஸ்ஸும் அப்படியே இருக்கும். ‘கு’ வேற்றுமையில் மூன்றுமே மாறும். மனிதனுக்கு என்றால் டேம் மன். பெண்ணுக்கு என்றால் டேர் ஃப்ரவ். குழந்தைக்கு என்றால் டேம் கிண்ட். நடுவில் உள்ளதைக் கவனித்தீர்களா? ஆண்பாலுக்கு என்று படித்த டேர், இங்கே பெண்பாலின் ‘கு’ வடிவமாக வந்து நிற்கிறது. ‘சார், ஃப்ரவ் டீதானே, இங்கே டேர் போட்டிருக்கு’ என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஃப்ரவ் எப்போதும் பெண்பால்தான், பால் மாறவே மாறாது. வேற்றுமைதான் மாறியிருக்கிறது. ‘உடன்’ என்று பொருள்படும் ‘மிட்’ என்ற சொல்லுக்குப் பின்னாலும் இதே வடிவம்தான் வரும். ‘இஷ் ஃபாரெ மிட் டேம் புஸ் நாஹ் கடலூர்.’ நான் பஸ்ஸில் கடலூருக்குப் போகிறேன். பஸ் டேர் புஸ், ஆகவே மிட் டேம் புஸ். ரிக்‌ஷா டீ ரிக்‌ஷா, ஆகவே மிட் டேர் ரிக்‌ஷா. ஊர்ப்பெயர்களுக்குச் சாதாரணமாக எதுவும் வேண்டாம், கடலூர் கடலூர்தான்.

தமிழர்களுக்கென்றே ஒரு பள்ளம் இங்கே உண்டு. நாம் ‘காபியைக் குடித்தேன்’ என்று சொல்வது அபூர்வம். ‘காபி குடித்தேன்’ என்போம். அஃறிணையில் ‘ஐ’யை விட்டுவிடுவது நமக்கு இயல்பு. ஜெர்மன் பேசும்போதும் அந்தப் பழக்கம் கூடவே வந்து, ‘இஷ் ட்ரிங்கெ ஐன் கஃபே’ என்று வாய் சொல்லிவிடும். காபி டேர் கஃபே. குடிக்கப்படுவது காபி. ஆகவே ‘ஐனென் கஃபே’. அந்த ‘என்’தான் நாம் தமிழில் விட்டுவிட்ட ‘ஐ’. அங்கே விட முடியாது.

ஐன் என்று சொன்னேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ‘ஒரு’ என்பதற்கு ஐன், ஐனெ. ஒரு மனிதன் ஐன் மன், ஒரு பெண் ஐனெ ஃப்ரவ், ஒரு குழந்தை ஐன் கிண்ட். இல்லை என்பதற்கு முன்னால் ஒரு ‘க்’ சேர்த்தால் போதும்: கைன் மன், கைனெ ஃப்ரவ், கைன் கிண்ட். பார்த்தால் எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்பாலும் மூன்றாம் பாலும் இதில் ஒன்றுபோலத் தெரிகின்றன. அதனால் சொற்களை ஐன், ஐனெ வைத்து மனப்பாடம் செய்யாதீர்கள். டேர், டீ, டஸ் வைத்தே செய்யுங்கள்.

சரி, இனி நினைவில் வைக்கும் வழிக்கு வருவோம். எல்லாச் சொல்லையும் குருட்டுப் பாடம் செய்யத் தேவையில்லை. சொல்லின் வாலைப் பார்த்தே ஏராளமான சொற்களின் பாலைச் சொல்லிவிடலாம். நம் தமிழிலும் மாணவன், மாணவி என்று வால்தானே காட்டிக்கொடுக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த வால் ‘உங்’. ஒரு வினைச்சொல்லோடு உங் சேர்த்துப் பெயர்ச்சொல் ஆக்கினால் அது டீதான். ஜெர்மனியில் போய் இறங்கியவருக்கு முதல் மாதத்தில் கைக்கு வரும் காகிதங்களில் பாதி இந்த வாலோடுதான் வரும். குடியிருக்கும் வீடு டீ வோனுங். அந்த முகவரியை நகராட்சியில் பதிவது டீ அன்மெல்டுங். காப்பீடு டீ ஃபெர்ஸிஷெருங். பில் டீ ரெஹ்னுங். வேலைக்கு விண்ணப்பம் டீ பெவெர்புங். நம் ஊர் நர்ஸிங் படிப்பை அங்கே ஏற்றுக்கொண்டதாகக் கிடைக்கும் அங்கீகாரம் டீ அன்எர்கென்னுங். தேர்வு டீ ப்ரூஃபுங். ஒன்றைப் படித்தால் நூறு கிடைக்கிற மாதிரி. ஒரே ஒரு எச்சரிக்கை: உங் என்பது விகுதியாக வந்திருக்க வேண்டும். தாவுதல் என்ற பொருளில் டேர் ஷ்ப்ருங் என்று ஒரு சொல் உண்டு. அதில் உங் வேரிலேயே இருக்கிறது, ஒட்டியது அல்ல.

உங் போலவே ஹைட், கைட், ஷாஃப்ட், டேட், ட்ஸியோன் என்று முடிபவையும் டீ. டீ கெஸுண்ட்ஹைட் ஆரோக்கியம், டீ க்ராங்க்ஹைட் நோய், டீ ஊனிவெர்ஸிடேட் பல்கலைக்கழகம், டீ ஓபெராட்ஸியோன், டீ இன்ஃபெக்ட்ஸியோன். ஆஸ்பத்திரி வார்டு டீ ஷ்டாட்ஸியோன். பெண்களைக் குறிக்கும் ‘இன்’ விகுதியும் டீ: டேர் லேரர் ஆசிரியர், டீ லேரரின் ஆசிரியை.

கவனித்து வைக்கச் சொன்ன அந்த மெல்லிய ‘எ’ இப்போது வருகிறது. எ என்று முடியும் சொற்களில் மிகப் பெரும்பாலானவை டீ. இதைப் பழகச் சிறந்த இடம் நம் பெரிய மார்க்கெட். நேரு வீதிப் பக்கம் காய்கறி வாங்கப் போகும்போது கண்ணில் படுவதை எல்லாம் சொல்லிக்கொண்டே நடங்கள். தக்காளி டீ டொமாட்டெ. வாழைப்பழம் டீ பனானெ. எலுமிச்சை டீ ட்ஸிட்ரோனெ. கேரட் டீ கரோட்டெ. வெள்ளரி டீ கூர்கெ. பீன்ஸ் டீ போனெ. கத்தரிக்காயும் டீதான், டீ ஒபெர்ஷீனெ. பூக்கடைக்கு வந்தால் பூ டீ ப்ளூமெ, ரோஜா டீ ரோஸெ. வாலில் எ இல்லாமலும் டீ வரும்: வெங்காயம் டீ ட்ஸ்வீபெல், உருளை டீ கார்டோஃபெல், மாம்பழம் டீ மாங்கோ. பூண்டும் இஞ்சியும் டேர்: டேர் க்னோப்லவ்ஹ், டேர் இங்வெர். மிளகு டேர் ஃபெஃபர், அரிசி டேர் ரைஸ், மீன் டேர் ஃபிஷ். மல்லிகை டேர் யஸ்மீன். நம் ஊரில் மல்லிகையை ஆணாக நினைக்க யாருக்கும் தோன்றாது, அதனாலேயே அது மறக்காது. உப்பும் எண்ணெயும் இறைச்சியும் டஸ்: டஸ் ஸல்ட்ஸ், டஸ் ஓல், டஸ் ஃப்லைஷ். காய்கறி மொத்தத்தையும் சேர்த்துச் சொன்னால் டஸ் கெம்யூஸெ. இதில் கடைசியில் எ இருந்தும் டஸ் வந்ததற்குக் காரணம் முன்னால் உள்ள ‘கெ’. பலவற்றைச் சேர்த்து ஒன்றாகச் சொல்லும் ‘கெ’ச் சொற்கள் டஸ் ஆக வரும், மலைத்தொடர் டஸ் கெபிர்கெ. எ விதியை மீறும் சில அன்றாடச் சொற்களையும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்: பெயர் டேர் நாமெ, பாலாடைக்கட்டி டேர் கேஸெ, பையன் டேர் யுங்கெ, கண் டஸ் அவ்கெ, முடிவு டஸ் எண்டெ.

‘அர்’ என்று முடிந்தால் டேர் என்று சில கையேடுகளில் போட்டிருக்கும். அரைகுறையான விதி அது. வேலை செய்பவரைக் குறிக்கும் அர் என்றால் டேர்தான்: ஆசிரியர் டேர் லேரர், ஓட்டுநர் டேர் ஃபாரர். மற்றபடி தண்ணீர் டஸ் வஸ்ஸர், அறை டஸ் ட்ஸிம்மர், காய்ச்சல் டஸ் ஃபீபர், வெண்ணெய் டீ புட்டர். இந்த விதியை நம்பித் தேர்வுக்குப் போகாதீர்கள். உறுதியான டேர் வால்கள் லிங், இஸ்முஸ் போன்றவை. டஸ் பக்கத்தில் உம் நல்ல துணை: விசா டஸ் வீஸும், அருங்காட்சியகம் டஸ் மூஸேயும். வினைச்சொல்லை அப்படியே பெயராக்கினாலும் டஸ்: சாப்பிடுவது எஸ்ஸென், சாப்பாடு டஸ் எஸ்ஸென்.

பொருளைப் பார்த்தும் சில கூட்டங்களைப் பிடிக்கலாம். கிழமைகள், மாதங்கள், பருவங்கள், திசைகள் எல்லாம் டேர். வானிலையும் பெரும்பாலும் அப்படியே. 2011 டிசம்பரில் தானே புயல் நம் கரையைக் கடந்தபோது பார்த்ததை ஜெர்மனில் சொன்னால் டேர் ரேகென் மழை, டேர் விண்ட் காற்று, டேர் ஷ்டுர்ம் புயல், டேர் ட்ஸிக்லோன் சூறாவளி. பருவமழை டேர் மொன்ஸூன்.

புதுச்சேரிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பள்ளியிலோ வீட்டிலோ பிரெஞ்சு படித்தவர்கள் இங்கே நிறைய. பொருளுக்கும் பாலுக்கும் சம்பந்தம் இல்லை என்பதை அவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அது பெரிய பலம். ஆனால் பிரெஞ்சுப் பாலை அப்படியே ஜெர்மனுக்கு எடுத்துப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். சூரியன் பிரெஞ்சில் லெ, அதாவது ஆண்பால்; ஜெர்மனில் டீ ஸொன்னெ. நிலா பிரெஞ்சில் லா, அதாவது பெண்பால்; ஜெர்மனில் டேர் மோண்ட். நேர் தலைகீழ். சில வால்கள் ஒத்துப்போகும்: பிரெஞ்சில் ‘ஸியோன்’, ‘தே’ என்று முடியும் பெண்பால் சொற்களுக்கு ஜெர்மனில் ட்ஸியோன், டேட் என்ற டீ சொற்கள் இணை. ஏமாற்றுவது ‘ஆஜ்’ என்ற வால். கராஜ், மஸாஜ், எதாஜ் (கட்டடத்தின் மாடி) மூன்றும் பிரெஞ்சில் ஆண்பால். அதே சொற்களை ஜெர்மன் கடன் வாங்கி, கடைசி எழுத்தையும் சேர்த்து உச்சரித்து, எ விதிக்குள் கொண்டுவந்துவிட்டது: டீ கராஷெ, டீ மஸாஷெ, டீ எடாஷெ. பிரெஞ்சில் லெ போடும் மருந்து என்ற சொல் ஜெர்மனில் டஸ் மெடிகமென்ட். மென்ட் வால் ஜெர்மனில் பெரும்பாலும் டஸ். நொடி என்ற டேர் மொமென்ட் மட்டும் அடிக்கடி வரும் விதிவிலக்கு.

ஜெர்மனின் நீளமான கூட்டுச்சொற்களைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்குப் பால் விஷயத்தில் ஓர் ஆறுதல் உண்டு. எத்தனை சொற்கள் ஒட்டினாலும் கடைசிச் சொல்லின் பால்தான் மொத்தத்துக்கும். ரத்தம் டஸ் ப்ளூட். அழுத்தம் டேர் ட்ருக்; ஆகவே ரத்த அழுத்தம் டேர் ப்ளூட்ட்ருக். குழு டீ க்ருப்பெ. ஆகவே ரத்த வகை டீ ப்ளூட்க்ருப்பெ. படம் டஸ் பில்ட். ஆகவே ரத்த அணுக்களின் பரிசோதனை முடிவு டஸ் ப்ளூட்பில்ட். மூன்றும் ஒரே நோயாளியின் ஒரே அட்டையில் இருக்கும். 2020 ஜனவரியில் ஜெர்மனியில் புதிய செவிலியர் தொழில் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், பயிற்சி முடித்தவருக்குக் கிடைக்கும் தொழில்பெயர் டீ ஃப்லேகெஃபஹ்ஃப்ரவ் அல்லது டேர் ஃப்லேகெஃபஹ்மன். வாலில் ஃப்ரவ், வாலில் மன். பால் தானாகத் தெரிகிறது.

சில சொற்களில் பால் மாறினால் பொருளே மாறிவிடும். டீ ஸே என்றால் கடல், டேர் ஸே என்றால் ஏரி. பீச் ரோட்டில் நின்று பார்ப்பது டீ ஸே, ஊசுட்டேரிக்குப் போய்ப் பார்ப்பது டேர் ஸே. அதேபோல டேர் கோல்ஃப் என்றால் வளைகுடா; வங்காள விரிகுடாவுக்கு ஜெர்மன் பெயர் டேர் கோல்ஃப் ஃபொன் பெங்காலென். டஸ் கோல்ஃப் என்றால் பந்தடிக்கும் விளையாட்டு. டீ ஷ்டவர் வரி, டஸ் ஷ்டவர் வண்டியின் ஸ்டியரிங். இந்த ஜோடிகளை ஒன்றாகவே எழுதி வையுங்கள்.

ஜெர்மன்காரர்களுக்குள்ளேயே முடிவாகாத சொற்களும் உண்டு. தயிர் டேர் யோகுர்ட் என்றும் டஸ் யோகுர்ட் என்றும் சொல்லலாம். கோலா வடக்கே டீ, தெற்கிலும் ஆஸ்திரியாவிலும் டஸ். மின்னஞ்சல் ஜெர்மனியில் பெரும்பாலும் டீ, ஆஸ்திரியாவில் டஸ்ஸும் காதில் விழும். வைரஸை மருத்துவர்கள் டஸ் வீருஸ் என்பார்கள், பொதுமக்கள் வாயில் டேர் வீருஸும் வரும். இப்படிப்பட்ட சொல்லுக்கு அகராதியில் முதலில் போட்டிருப்பதை எடுத்துக்கொண்டு மேலே போங்கள்.

பேசும்போது பால் மறந்துவிட்டால், வாலைப் பாருங்கள். வாலும் கைகொடுக்கவில்லை என்றால் ஏதாவது ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு ‘ட்...’ என்று விழுங்கிவிடுவதுதான் கெடுதல். தப்பாகச் சொன்னால் எதிரில் இருப்பவர் சரியான சொல்லோடு பதில் சொல்லும்போது காதில் விழுந்து திருந்திவிடும், விழுங்கினால் திருந்த வழியே இல்லை.

கடைசியாகப் பன்மை. பன்மையில் மூன்று பாலும் போய் எல்லாமே டீ ஆகிவிடும். டேர் டிஷ், டீ டிஷெ. டீ லம்பெ, டீ லம்பென். டஸ் கிண்ட், டீ கிண்டர். பால் சிக்கல் தீர்ந்தது, ஆனால் வால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி முடிகிறது. அதனால் நோட்டில் ஒருமையைப் போட்ட வரியிலேயே பன்மையையும் போட்டுவிடுங்கள்: டேர் ஷ்லுஸ்ஸெல், டீ ஷ்லுஸ்ஸெல்; டீ வோனுங், டீ வோனுங்கென்; டஸ் பூஹ், டீ ப்யூஷர்.